ஒரு லட்சமா, நாற்பத்தைந்தாயிரமா? திருகைக் கழற்றிப் பார்க்கிறவள் சொல்வது

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், நூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. லேப்டாப் பழுது பார்ப்பதுதான் தொழில், பதினாறு வருடமாகிறது. முதல்முறை வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்போது வருவார் அம்மா?" என்பார்கள். "வந்தாயிற்று, கொடுங்கள்" என்பேன். நாங்கள் புது லேப்டாப் விற்பதில்லை. அதனாலேயே, வாங்கப் போகிறவர்கள் போகிற வழியில் இங்கே இறங்கி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நாற்பத்தைந்தாயிரம் போட்டால் போதுமா, லட்ச ரூபாய்க்குப் போக வேண்டுமா?

போன மாதம் ஒரே நாளில் இரண்டு லேப்டாப்கள் மேசைக்கு வந்தன. இரண்டும் வாங்கி மூன்று வருடம் ஆனவை. இரண்டிலும் ஒரே தலைமுறை ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. விளம்பரத்தில் அச்சடிக்கும் வரிகளை மட்டும் பார்த்தால் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒன்றை 45,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார்கள், மற்றது 1,10,000.

மலிவானது ஒரு பாலிடெக்னிக் மாணவனுடையது. மூடியைத் திறந்தால் அடிப்பாகம் இடது மூலையில் வாய் பிளந்தது. இது எனக்கு வாரம் தவறாமல் வரும் நோய். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினால் காரணம் கண்ணுக்கு நேரே தெரியும். மூடியையும் உடம்பையும் சேர்க்கும் கீல் இரும்புதான், நல்ல இரும்பு. ஆனால் அந்தக் கீலின் திருகுகள் ஏறி உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக்கில். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, திருகு ஏறும் மிளகு அளவு பித்தளை மறைகளை (நட்டுகளை) அதற்குள் அழுத்திப் பதித்திருப்பார்கள். நாளாக ஆகக் கீல் இறுகும், பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். ஒரு நாள் மூடியை மூலையைப் பிடித்துத் திறக்கும்போது, பித்தளை மறை தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையும் பெயர்த்துக்கொண்டு, சொத்தைப் பல் போல வெளியே வந்துவிடும். அரால்டைட் குழைத்து, மறையை மீண்டும் பதித்து, ஒரு இரவு காயவிட்டுக் கொடுத்தேன். 2,800 ரூபாய். பையன் பேரம் பேசி 2,500 ஆக்கினான்.

விலையுயர்ந்ததில் கீல் அலுமினிய உடம்பிலேயே நேராக முடுக்கியிருந்தது. பத்து வருடம் ஆட்டினாலும் அசையாது. அது வந்த காரணம் வேறு: காபி. அரை டம்ளர், விசைப்பலகை மேல். அந்த மாடலில் ராம் தனியாகக் கழற்றும் பலகை அல்ல, மதர்போர்டிலேயே பற்றவைத்தது. போர்டு போனால் எல்லாம் போனது. நிறுவனத்தின் சேவை மையத்தில் 62,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர் ஆடிட்டர், மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஷார்ட் ஆகியிருந்த ஒரு கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்து மாற்றியதில் உயிர் வந்தது. எல்லா நேரமும் அப்படி வாய்க்காது.

ஆக, மலிவானது அடிக்கடி சின்னதாக உடையும், கைச்செலவில் சரியாகும். விலையுயர்ந்தது அபூர்வமாகத்தான் உடையும். உடைந்தால் நகையை அடகு வைக்கச் சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த 65,000 எங்கே போகிறது?

வேகத்துக்குப் போவதில்லை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்த இரண்டிலும் எக்செல் திறக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. கூடுதல் பணம் போவது திரைக்கு, உடம்புக்கு, விசைப்பலகைக்கு, டச்பேடுக்கு, பேட்டரிக்கு, எடைக் குறைப்புக்கு, விசிறி இரையாமல் இருப்பதற்கு. சுருக்கமாக, உங்கள் கண்ணும் கையும் தோளும் தொடும் இடங்களுக்கு. அதனால் "எவ்வளவு பணம் இருக்கிறது" என்பது என் இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இதன் முன்னால் உட்காருவீர்கள்?"

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 45,000 ரூபாய் லேப்டாப், நாலு வருடம் ஓடும் என்று வையுங்கள். இடையில் ஒரு கீல் வேலை, ஒரு பேட்டரி என்று 7,500 செலவு. மொத்தம் 52,500, வருடத்துக்கு 13,125. இப்போது 1,10,000 ரூபாய் லேப்டாப். ஏழு வருடம் ஓடும், நடுவில் ஒரு நல்ல பேட்டரிக்கு 11,000. மொத்தம் 1,21,000, வருடத்துக்கு ஏறக்குறைய 17,300. பணக் கணக்கில் மலிவானதே ஜெயிக்கிறது. "நல்லதாக வாங்கினால் கடைசியில் அதுதான் லாபம்" என்று பெரியவர்கள் சொல்வது பித்தளை அண்டாவுக்குப் பொருந்தும், லேப்டாப்புக்குப் பொருந்தாது.

ஆனால் வருடத்துக்கு வித்தியாசம் சுமார் 4,200 ரூபாய்தான். முந்நூறு வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 14 ரூபாய். எங்கள் ஊர் பேக்கரியில் ஒரு டீ. தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே உழைத்துச் சாப்பிடுகிறவர், கண் எரியாமல், விரல் வலிக்காமல் இருக்க ஒரு டீக்காசு கொடுக்கலாமா என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் மின்கட்டணம் கட்டி, பையனின் பாடத்தை அச்செடுத்து, ஒரு படம் பார்க்கிறவர் அதே காசைக் கொடுப்பது வீண்.

என் வழக்கமான அளவுகோல் இது: நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கீழே, ஒரே மேசையில் என்றால் 40,000 முதல் 50,000க்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல், அதுதான் பிழைப்பு என்றால் லட்சத்தைப் பற்றி யோசியுங்கள். நடுவில் இருப்பவர்களை 55,000 முதல் 75,000 வரைக்குள் அனுப்புகிறேன். பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். 30,000க்குக் கீழே புதிதாக எதையும் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

திரை

என் கணக்கில் இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டில் பாதி திரையில் இருக்கிறது. மலிவான லேப்டாப்பின் விவரக் குறிப்பில் "250 நிட்ஸ், 45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று ஒரு வரி இருக்கும். முதல் எண் வெளிச்சம், இரண்டாவது எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பது. 45 சதவீதம் என்றால் சிவப்பெல்லாம் சாயம் போன சிவப்பு. நல்ல திரையில், இன்னொரு நிற அளவுகோலில், "100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்றும், வெளிச்சம் 300 நிட்ஸ் அல்லது அதற்கு மேல் என்றும் போட்டிருப்பார்கள். இந்த வரியே இல்லாமல் "ஃபுல் எச்.டி." என்று மட்டும் போட்டிருந்தால், மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுமுகையிலிருந்து ஒரு பெண் வருவார். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பட்டுப் புடவை விற்கிறார். அரக்கு நிறப் புடவையைப் படம் எடுத்து, தன் லேப்டாப்பில் பார்த்து, செங்கல் நிறமாகத் தெரிகிறதே என்று சிவப்பைக் கூட்டி ஏற்றுவார். வாங்குகிறவர்கள் கைபேசியில் பார்த்தால் குங்குமம் கொட்டியது போலிருக்கும். புடவை போய்ச் சேரும், "படத்தில் பார்த்த நிறம் இது இல்லை" என்று திரும்பி வரும். ஒரே மாதத்தில் ஆறு புடவை. "லட்ச ரூபாய் லேப்டாப் வாங்கிவிடவா அக்கா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் லேப்டாப்பை வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போவதே இல்லை. ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் எஸ்.ஆர்.ஜி.பி. முழுவதையும் காட்டும் 24 அங்குல ஐ.பி.எஸ். மானிட்டர் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) கிடைத்தது, பழைய லேப்டாப்பில் சொருகிக்கொண்டார். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த யோசனை பொருந்தும். மலிவான லேப்டாப், நல்ல மானிட்டர், எழுநூறு ரூபாய் விசைப்பலகை. லட்ச ரூபாய்ப் பக்கம் விற்கும் 'பிரீமியம்' லேப்டாப்பின் சுகத்தில் முக்கால்வாசி பாதி விலைக்கு வந்துவிடும்.

கடையில் திரையைச் சோதிக்க உங்கள் கைபேசியில் நன்றாகத் தெரியும் ஒரு படத்தை, முடிந்தால் முகமும் சிவப்புத் துணியும் இருக்கும் படத்தை, மின்னஞ்சலில் அனுப்பி அந்த லேப்டாப்பில் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே சற்று எழுந்து நின்று மேலிருந்து பாருங்கள். நிறம் மிகவும் வெளுத்தோ மாறியோ தெரிந்தால் அது பழைய டி.என். வகைத் திரை. அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கையால் சோதிப்பது

விற்பனைக்கூடத்துப் பையன்கள் பிராசசரைப் பற்றியே பேசுவார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் மூடியின் மேல் விளிம்பில், நடுவில், ஒரு விரலை வைத்துத் திறங்கள். அடிப்பாகம் மேசையிலேயே இருக்க மூடி மட்டும் எழுந்தால் கீல் நல்ல சமநிலையில் இருக்கிறது. பிறகு அடிப்பாகத்தின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். முறுக்கு பிழிவது போல வளைந்தால் உடம்பு மெலிவு. விசைப்பலகையின் நடுவில் ஒரு கட்டை விரலை அழுத்துங்கள், எவ்வளவு பள்ளமாகிறது என்று தெரியும். ஒரு பத்தி தட்டச்சு செய்து பாருங்கள். தமிழில் எழுதுகிறவர் என்றால் தமிழிலேயே. வெட்கப்பட வேண்டாம். நாற்பதாயிரத்துக்குப் பசு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமலா வருவார்?

பெட்டிக்குள் இருப்பது

ராம் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபியில் விண்டோஸ் 11 தானே ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடுகிறது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் 8 ஜிபி உள்ளதை வாங்கலாம், ஆனால் பின்னால் கூட்ட இடம் இருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்வது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி. 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றும் பலகை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது, பிரம்மா வந்தாலும் கூட்ட முடியாது. பக்கத்திலேயே இரண்டு சொருகிகளில் எத்தனை பயன்பாட்டில் இருக்கின்றன என்றும் இருக்கும். விந்தை என்னவென்றால், இதில் மலிவானவைதான் பெரும்பாலும் நல்லவை. மெல்லிய பிரீமியம் லேப்டாப்களில் ராம் பற்றவைத்தே வருகிறது. ஆப்பிளின் மேக்புக் ஏர் எல்லாமே அப்படித்தான். எனவே பிரீமியம் வாங்குகிறவர் ஏழு வருடத்துக்கு வேண்டிய ராமை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். மலிவானது வாங்குகிறவர் இரண்டு வருடம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி. இல்லாத லேப்டாப் இப்போது புதிதாக அநேகமாக வருவதில்லை. ஆனால் அடிமட்ட விலையில் 'இ.எம்.எம்.சி.' என்ற பெயரில் ஒன்று வரும், 64 ஜிபி அல்லது 128 ஜிபி. அதுவும் பற்றவைத்ததே, மெதுவானதும்கூட. வேண்டாம். எஸ்.எஸ்.டி.யின் அருமை தெரிய வேண்டுமா? 2011 முதல் மாநில அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் ஓரிரண்டு என்னிடம் வரும். பழைய வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, லேசான லினக்ஸ் ஏற்றினால் கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் தாங்குகிறது.

பிராசசரில் ஏமாறாமல் இருக்கப் பெயரின் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். "ஐ5, ரைசன் 5" என்று சொல்வது "மாருதி கார்" என்று சொல்வது போல. ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசசர்களில் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு இருக்கின்றன. எண்ணில் பத்துதான் வித்தியாசம். முதலாவதில் நாலு கோர் (கணக்குப் போடும் மூளை), உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் ஆறு கோர், ஜென் 3. அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் சிக்கனம், எச் என்றால் வேகமும் சூடும். 2023 கடைசியில் 'ஐ' எழுத்தை விட்டுவிட்டு 'கோர் அல்ட்ரா 5' என்றெல்லாம் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் கடைசி எழுத்தின் பொருள் அதேதான். இன்டெல் 'என்100' போன்றவை இணையம் பார்க்கப் போதும், நாலு வருடம் தாக்குப்பிடிக்காது.

இதற்கு மேல் பிராசசருக்காகப் பணம் கொட்ட வேண்டியவர்கள் வீடியோ வெட்டுகிறவர்கள், முப்பரிமாண வரைபடம் போடுகிறவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள். மற்றவர்கள் ஐ5 அளவில் நின்றுகொள்ளலாம். ஐ7 ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் பணத்தைத் திரைக்குக் கொடுங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பத்தி

பனியன் கம்பெனியில் இருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால் விசிறி வாயில் பஞ்சு, விளக்குத் திரி போலத் திரண்டு அடைத்துக்கொண்டிருக்கும். இடுக்கியால் இழுத்தால் முழு நீளத்துக்கு உருவி வரும். காற்று போகாமல் பிராசசர் வெந்து, வேகம் பாதியாகக் குறைந்து, "வைரஸ் வந்துவிட்டது" என்று கொண்டு வருவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நாள் முழுவதும் வேலை பார்ப்பவர்களுக்கு விசிறியே இல்லாத லேப்டாப் ஒரு வரம். ஆப்பிளின் எம்1 சிப்புடன் 2020 நவம்பரில் வந்த மேக்புக் ஏரும் அதற்குப் பின் வந்த ஏர்களும் விசிறி இல்லாதவை. பஞ்சை உறிஞ்ச வாயே கிடையாது. ஆனால் டேலி போன்ற, விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள்களும், வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் சொருகும் வேலையும் இருந்தால் விண்டோஸோடு இருப்பதே நிம்மதி. அப்படியானால் மலிவானதை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முந்நூறு ரூபாய்க்குச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். எனக்கும் பிழைப்பு நடக்கும்.

பேட்டரி, சார்ஜர், சுருக்கென்ற மின்சாரம்

"பத்து மணி நேரம் நிற்கும்" என்ற விளம்பரத்தைப் படிக்காதீர்கள். பேட்டரி எத்தனை வாட் அவர், அதாவது எவ்வளவு மின்சாரம் கொள்ளும், என்று பாருங்கள். மலிவானவற்றில் 40 சுற்றுவட்டாரம், நல்லவற்றில் 50க்கு மேல். மேசையிலேயே சொருகிக் கிடக்கும் லேப்டாப்புக்கு இது பெரிய விஷயமில்லை. ரயிலில், வகுப்பில் திறக்கிறவருக்குப் பெரிய விஷயம். எப்போதும் சொருகியே வைத்திருப்பவர்கள், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அந்த நிறுவனத்தின் செயலியில் இருந்தால் போட்டு வையுங்கள். டச்பேட் திடீரென்று அழுந்தாமல் முரண்டு பிடித்தால் டச்பேடைத் திட்டாதீர்கள். கீழே பேட்டரி அப்பளம் போல உப்பி அதைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அன்றே கொண்டு வாருங்கள்.

உலோக உடம்பு வாங்கியவர்கள் முதல் வாரத்தில் வந்து, "கை வைத்தால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது" என்பார்கள். லேப்டாப்பில் பழுதில்லை. இரண்டு முனை சார்ஜரில் மிகச் சிறிய கசிவு மின்சாரம் லேப்டாப்பின் உடம்புக்கு வரும். பிளாஸ்டிக்கில் தெரியாது, அலுமினியத்தில் தெரியும். எர்த் உள்ள மூன்று முனைக் கம்பியை மாட்டினால் போய்விடும். போகவில்லை என்றால் உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது லேப்டாப்பை விட அவசரம்.

முப்பதாயிரம்தான் இருக்கிறது என்றால்

அப்போது நான் மூன்றாவது வழியைக் காட்டுவேன். பெரிய அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்கு வாங்கும் லேப்டாப்களை மூன்று, நாலு வருடத்தில் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலீட்புக் வரிசைகள். புதிதில் லட்சத்துக்குப் பக்கம் விற்றவை, 25,000 ரூபாய் வாக்கில் சந்தைக்கு வரும். கீல் உலோகச் சட்டத்தில் இருக்கும், உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கும், பல மாடல்களில் விசைப்பலகையைத் தனியாகக் கழற்றலாம். என் மகன் கல்லூரிக்குக் கொண்டு போவது இதுதான். முதல் வருடம் வெட்கப்பட்டான், நண்பர்களின் கீல்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிய பின் வாயைத் திறப்பதில்லை.

வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றை முறைப்படி ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போகும்போது கடவுச்சொல் கேட்கக் கூடாது. விண்டோஸைப் புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி உள்நுழையச் சொன்னால், அதைப் பழைய அலுவலகம் இன்னும் தன் பட்டியலிலிருந்து விடுவிக்கவில்லை என்று பொருள், தொடாதீர்கள். கடைசியாக, கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது மிச்சமிருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பணம் பற்றி இரண்டு வார்த்தை. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழிலுக்காக வாங்கும், உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ள பதிவு பெற்றவர் என்றால், பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். வரியும் சேர்ந்த ஒரு லட்சத்தில் 15,254 ரூபாய் வரி. அதை வரவாக எடுத்துக்கொண்டால் பிரீமியத்தின் விலை உங்களுக்கு 85,000க்குள் வந்துவிடும். அப்புறம், பிரீமியம் வாங்கும் யாரும் தற்செயல் சேதக் காப்பீட்டை விடாதீர்கள். சாதாரண உத்தரவாதம் காபிக்குப் பொறுப்பேற்காது. நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்புக்கு அது அவ்வளவு தேவையில்லை, நான் இருக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து போன ஜூனில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். தென்னந்தோப்புக்காரர். மகளுக்குக் கட்டடக் கலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பெங்களூரில் இருக்கும் மைத்துனர் மகன் மேக்புக்தான் வாங்க வேண்டும் என்று தொலைபேசியில் அடம்பிடித்தானாம். உள்ளூர்க் கடைக்காரர் 42,000க்கு ஒன்றை எடுத்து வைத்திருந்தார். "நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் அம்மா" என்றார் பெரியவர். கல்லூரியில் என்ன மென்பொருள் கேட்கிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் என்றாள். இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே வருபவை. மேக்புக் அங்கேயே கழன்றது. 42,000 ரூபாய் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு கட்டடத்தைச் சுழற்றிப் பார்க்கவே திணறும். கடைசியில் கேமிங் என்று பெயர் போட்டு விற்கும் வகையில், 74,000க்கு ஒன்றைக் காட்டினேன். பிளாஸ்டிக் உடம்புதான், இரண்டேகால் கிலோ எடை, சார்ஜர் செங்கல் மாதிரி, பேட்டரி மூன்று மணி நேரம் தாண்டாது. ஆனால் பணம் முழுவதும் அவளுக்கு வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது, ராம் போட ஒரு சொருகியும் காலியாக இருந்தது. "விடுதி அறையில் வைத்துத்தான் வரைவாயா, தினமும் தூக்கிக்கொண்டு போவாயா?" என்று கேட்டேன். விடுதிதான் என்றாள். சரி என்றேன்.

வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கே காட்ட வந்தார்கள். பெட்டி மேல் இருந்த வரிசை எண்ணையும் பில்லில் இருந்ததையும் ஒத்துப் பார்த்தேன், வெள்ளைத் திரை போட்டுச் செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், எல்லாத் துளையிலும் பென் டிரைவைச் சொருகிப் பார்த்தேன். பெரியவர் தோப்பிலிருந்து கொண்டு வந்த நாலு இளநீரை வாசலில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். மகள் ஆசை தாங்காமல் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, வலது மூலையைப் பிடித்து மூடியைத் தூக்கினாள்.

"நடுவில் பிடித்துத் திற, கண்ணு" என்றேன்.